டாக்டர் சுப்பாராவ் சரிதம்

உலகிற் பெரியோர் எனப்படுவோர் இருவகையினர். ஒருவகையார்க்குப் பெயர் முன்னே வரும். அவர் செய்த நன்மை பின்னே வரும். மற்றொரு வகையார் செய்த நன்மை வீடுதோறும் வந்து சேர்ந்திருக்கும். அவர் பெயர் மாத்திரம் வழியிலே தங்கிவிடும். நமது திருப்பூர்ப் பகுதியிலே பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணொருத்தி கருவுற்றால், அரசினர் சுகாதார நிலையத்தில் அவளுக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கித் தந்த கூட்டத்தாரின் தலைவர், ஒரு காலத்தில் சென்னையிலே கதர் உடுத்ததன் பொருட்டுத் தம் வைத்தியப் பட்டத்தில் குறைவு பெற்ற ஒரு மாணவர் என்பதை அவள் அறியாள். அம்மாத்திரையைக் கொடுப்பவரும் பெரும்பாலும் அறியார். அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்னாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், அக்காலத்துச் சென்னை இராஜதானியைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையிற் சிறிய உத்தியோகம் பார்த்தவர். தாயார் பெயர் வேங்கம்மா. மக்கள் எழுவருள் இவர் நான்காமவர். தந்தையார் நோயினால் விரைவில் வேலையை விட்டு நீங்கவே, குடும்பத்தை வறுமை பற்றிக்கொண்டது.

வறுமையைத் தாமே நீக்கிவிடலாம் என்று பதின்மூன்றாம் வயதில் இவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்ப்பது என்று முடிவு செய்து வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயார் பிள்ளையைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கே அனுப்பினார். அவ்வம்மையாரின் உறுதி இல்லையாயின் இச்சரித்திரமே இல்லை.

பள்ளியிலும் இவர் முதல் மாணவராக விளங்கினாரல்லர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர்ச் சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கணிதத்தில் ஈடுபாடு மிகுந்தது. அதனினும் துறவறத்தில் ஈடுபாடு மிகுந்தது. இராமகிருஷ்ண மடத்திற் சேரவேண்டுமென விழைந்தார். தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியோரும், வைத்தியம் கற்றுப் பிறர்க்குத் தொண்டு செய்யலாமே என்று அறிவுரை கூறினர். அவ்வாறே அவர் சென்னை வைத்தியக் கல்லூரிக்குச் சென்றார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினர். அப்பெரியவரின் மகளாகிய சேஷகிரியை 1919-இல் மணந்தார்.

கதர்ச் சட்டையும் பட்டமும்

அக்காலம் காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்குமாறு நாட்டை வேண்டிக்கொண்ட காலம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை அறையிலும் கதரினாற் செய்த அங்கியையே அணிந்து சென்றார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராயிருந்த ஆங்கிலேயர் அதனால் மனம் கசந்தார். எழுத்துப் பரீட்சைகளை நன்றாக எழுதியிருந்தும், முழுமையான எம்.பி.,பி.எஸ். பட்டம் சுப்பாராவுக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றிதழே கிட்டிற்று.

1925-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் தோன்றியபின், அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையிடமாக விளங்கியது நமது திருப்பூரே. சுற்றுக் கிராமங்களில் நூற்று நெய்த கதர் இங்கிருந்தே பல ஊர்களுக்கும் சென்றது. ஒரு முழத் துணிக்காக மனிதர் எத்தனை இழப்பைத் தாங்கக்கூடும் என்பதைத் திருப்பூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1932-இல் கொடியைக் கையிற் பிடித்தபடியே அடியுண்டு உயிர் நீத்த குமரன் நடந்த தெருக்கள் இவை. சுப்பாராவ் இழந்தது உயிரன்று, ஒரு பட்டமே. எனினும் அதனால் அரசாங்க வைத்திய உத்தியோகம் அவருக்கு இல்லையாயிற்று. சென்னையில் டாக்டர் லக்ஷ்மீபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார்.

இதற்கிடையே குடும்பத்தில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. 'ஸ்ப்ரூ' என்னும் கொடிய வயிற்று நோயினால், உடன்பிறந்தார் இருவர் சில நாட்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். உண்ட உணவு உடலிற் சேராமல் கழிந்து, இரத்தம் குன்றி, மனிதன் மெலிந்து மடியும் நோய் அது. அதற்கு மருந்து இன்னதென்று அக்காலத்து மேனாட்டு வைத்தியம் அறியவில்லை. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. டாக்டர் லக்ஷ்மீபதியின் ஆயுர்வேத சிகிச்சையினாற் பிழைத்தார். உடன்பிறந்தாரைக் கொன்ற நோயின் காரணத்தை அறியாமல் விடுவதில்லை என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

கடல் கடந்த கதை

காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமத்தின் உதவியும், மாமனாரின் உதவியும் கொண்டு, 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுப்பாராவ் அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகவே எண்ணிச் சென்றார். ஆனால் அவர் திரும்பவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண் மகவு, தந்தை முகம் காணாமலே குழந்தைப் பருவத்தில் இறந்தது. கணவனும் மனைவியும் மீண்டும் ஒருவரையொருவர் காணவில்லை. அறிவின் பொருட்டு அவர் கொடுத்த விலையில் ஒரு பகுதி அவருடையது. மற்றொரு பகுதி, ஊரிலே காத்திருந்த சேஷகிரி அம்மையாருடையது. பின்னதைச் சரித்திரம் எழுதுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஹார்வர்ட் சர்வகலாசாலையில் உஷ்ணதேச வைத்தியம் பயின்ற காலத்தில், வயிற்றுப் பிழைப்பிற்காக இரவுநேரங்களில் ஒரு மருத்துவசாலையில் நோயாளிகளின் மலசல பாத்திரங்களைக் கழுவும் பணியையும் செய்தார். பின்னர் அதே சர்வகலாசாலையில் ஓட்டோ ஃபோலின் என்பவரின் உயிர் இரசாயனப் பகுதியிற் சேர்ந்து, சைரஸ் ஃபிஸ்கே என்பாருடன் ஆராய்ச்சி தொடங்கினார்.

நீல நிறம் காட்டிய உண்மை

இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உளது என்று அளப்பதே அவர்க்கு முதலில் இடப்பட்ட வேலை. மாலிப்டினம் சேர்ந்த அமில நீரைப் பாஸ்பேட்டுடன் கலந்து, அதற்குரிய மற்றொரு பொருளையும் சேர்த்தால், நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலம் அடர்ந்திருக்கும், குறைந்தால் வெளுத்திருக்கும். நமது சாயப்பட்டறைகளில், கொடுத்த மாதிரியோடு துணியின் நிறம் ஒத்திருக்கிறதா என்று வெளிச்சத்திற் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் அல்லவா? அவ்வண்ணமே நிறத்தின் அடர்த்தியை ஒப்பிட்டு அளவை அறிவது இம்முறை. 1925-இல் வெளியான இது, ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று இன்றும் பெயர் பெற்று விளங்குகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, பாஸ்பேட் கணக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைத் தேடிய இருவரும் 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். இங்கிலாந்திலும் எக்கிள்டன் தம்பதியர் அதே காலத்தில் இதனைத் தனியே கண்டனர். தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றல் லாக்டிக் அமிலத்தினின்று வருகிறது என்று அதுவரை அறிஞர் கொண்டிருந்த கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. அக்கொள்கைக்கு அடிகோலிய ஹில், மேயர்ஹாஃப் என்பார் 1922-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்கள் என்றால், இதன் பெருமை விளங்கும்.

1929-இல் அதனினும் பெரிய பொருள் ஒன்று தசையினின்று கிடைத்தது. அடினோஸின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்பது அதன் பெயர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் அதனைக் கண்டார். உயிருள்ள ஒவ்வோர் அணுவும் வேலை செய்வதற்குச் செலவிடும் நாணயம் இதுவே என்பது பின்னர் மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

ஈஸ்டும் ஒரு நொதியின் தொழிலும்

நிற்க. இந்த ஏ.டி.பி. எத்துணை நுண்ணிய இடங்களில் வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுதல் தகும். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்பது ஒற்றை அணுவாலாகிய காளான். அதனுள்ளே புரதங்கள் ஓயாமல் ஆக்கப்படுகின்றன. புரதத்திற்கு வேண்டிய அமினோ அமிலங்களைச் சுமந்து கொண்டுவந்து உரிய இடத்தில் சேர்ப்பது கடத்து ஆர்.என்.ஏ. என்னும் இழை. இவ்விழைகள் முதலிற் பிறக்கும்போதே முழு உருவத்தோடு பிறப்பதில்லை. ஈஸ்டில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மரபணுக்களினின்று வரும் இழைகளில், நடுவே வேண்டாத துண்டு ஒன்று சேர்ந்திருக்கும். 1977-ஆம் ஆண்டளவில் இது வெளிப்பட்டது. அத்துண்டை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்தாலன்றி அவ்விழை பயன்படாது.

இத்தொழிலைச் செய்பவை நொதிகள். நொதி என்பது யாதோ என்று மலைக்க வேண்டுவதில்லை. பின்னலாடையின் மேலுள்ள நுண்ணிய பஞ்சு நார்களைத் தின்று துணியை வழவழப்பாக்கும் பயோவாஷ் நீரிலே இருப்பதும் ஒரு நொதியே. தான் அழியாமல் பிற பொருள்களை மாற்றும் புரதம் அது.

ஈஸ்டில் நடக்கும் இவ்வேலையைப் பனியன் கம்பெனியின் நடைமுறையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். முதலில் கட்டிங் மாஸ்டர் வருகிறார். நான்கு உறுப்புக்களையுடைய ஒரு நொதி, இழையை இரண்டிடத்தில் வெட்டி நடுத்துண்டை நீக்குகிறது. இதற்கு ஏ.டி.பி. வேண்டுவதில்லை. அடுத்து டெய்லர் வருகிறார். இணைக்கும் நொதி, வெட்டுண்ட ஒரு முனையில் வளைந்து நிற்கும் பாஸ்பேட்டைத் திறந்து நேராக்குகிறது. மற்றொரு முனைக்கு ஜி.டி.பி. என்னும் பொருளினின்று ஒரு பாஸ்பேட்டைக் கொடுக்கிறது, பின்னர் ஏ.டி.பி.யைச் செலவிட்டு இரண்டையும் சேர்த்துத் தைக்கிறது. மின்சாரமின்றி ஓவர்லாக் மிஷின் ஓடாதவாறு போல, ஏ.டி.பி. இன்றி இத்தையல் விழாது.

தைத்தபின் வேலை முடிந்ததா எனின், இல்லை. தையலின் ஓரத்தில் ஒரு பாஸ்பேட் மிகையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நம் கம்பெனிகளில் தைத்த ஆடையில் தொங்கும் நூலைப் பிசிறு வெட்டுவோர் நீக்குவதுபோல, மூன்றாவது நொதி ஒன்று அந்தப் பாஸ்பேட்டை எடுத்து, என்.ஏ.டி. என்னும் பொருளின்மேல் ஏற்றி அப்புறப்படுத்துகிறது. பிசிறு வெட்டுதல் சிறு வேலை என்று நாம் எண்ணுவது வழக்கம். ஆனால் இந்த மூன்றாம் நொதி இல்லையேல் ஈஸ்ட் உயிர் வாழ்வதில்லை. மனித உடலிலோ இவ்விணைப்பு பெரும்பாலும் வேறு வழியில் நடைபெறுகிறது. ஆதலின், காளான் நோய்களுக்கு மருந்து தேடுவோர் இந்நொதிகளின்மேல் நாட்டம் வைத்துள்ளனர்.

ஆபெல்ஸன், பிஸிக்கி முதலிய அமெரிக்க அறிஞரும் அவர் கூட்டத்தாரும் 1980-க்குப் பின் இவற்றை விளக்கினர். சுப்பாராவ் இவற்றுள் ஒன்றையும் அறியார். கடத்து ஆர்.என்.ஏ. கண்டுபிடிக்கப்பட்டதே அவர் இறந்து ஏறக்குறைய பத்தாண்டுகள் கழிந்த பின்னர்த்தான். எனினும், எந்தப் பாஸ்பேட் எங்கிருந்து வந்து எங்கே சென்றது என்று கணக்கிடும் இக்கலைக்கு வழி திறந்தோருள் அவரும் ஒருவர்.

புறக்கணிப்பும் புதிய இடமும்

1930-இல் டாக்டர் பட்டம் பெற்றும், ஹார்வர்டில் நிலையான ஆசிரியப் பதவி அவர்க்குக் கிட்டவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பற்றிய செய்திகள் வெளிவராமலே நின்றுபோயின. அவருடன் ஒரே ஆய்வுக்கூடத்தில் உழைத்துப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், இதற்கு ஃபிஸ்கேயின் பொறாமையே காரணம் என்றும், அப்பொருள்களைப் பல ஆண்டுகள் கழித்துப் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் எடுத்துரைத்திருக்கிறார். சுப்பாராவ் இதுபற்றி வழக்காடியவரல்லர். 1940-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பேர்ல் ரிவர் என்னும் ஊரிலுள்ள லெடர்லி ஆய்வுச்சாலைக்குச் சென்று, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

மில் தொழிலாளப் பெண்களும் ஈஸ்டும்

இங்கே கதை மீண்டும் நம் நாட்டிற்குத் திரும்புகிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தச் சோகையால் வருந்துவதையும் மடிவதையும் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்தார். 1929-இல் சில மாதங்கள் நமக்கு அண்மையிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்து வேலை செய்தார். ஈஸ்டினின்று எடுத்த சத்தாகிய மார்மைட் என்னும் மலிவான உணவை ஊட்டியபோது, அப்பெண்களின் இரத்தம் தேறிற்று. ஈஸ்டில் ஏதோ ஒரு சத்து உளது என்பது மட்டும் தெரிந்தது. அச்சத்து இன்னது என்பது தெரியவில்லை.

அதனை அறிந்து ஆக்கியவர்களுள் முதன்மையானோர் லெடர்லியில் சுப்பாராவ் நடத்திய கூட்டத்தார். ஈரலினின்றும் நுண்ணுயிர்களினின்றும் அச்சத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை ஆராய்ந்து, 1945-இல் அதனைச் செயற்கையாக ஆக்கிவிட்டனர். அதுவே ஃபோலிக் அமிலம். உடனே டாம் ஸ்பீஸ் என்னும் வைத்தியர் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பருவணு இரத்தச் சோகை நீங்கிற்று. அதனோடு, ஸ்ப்ரூ நோயினரும் எழுந்து நடமாடத் தொடங்கினர்.

அன்பர்களே, இவ்விடத்திற் சற்று நின்று எண்ணிப் பார்மின். இரு உடன்பிறந்தாரை எந்நோய் கொண்டுபோயிற்றோ, அந்நோய்க்கு மருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து அவர் கூடத்திலிருந்தே வெளிவந்தது. இறந்தவர் மீளவில்லை. ஆனால் அதன் பின் அந்நோயுற்ற எத்தனையோ பேர் இல்லங்களில் அத்துயரம் நேராமற் போயிற்று.

பிற மருந்துகளும் முடிவும்

ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமுடையதாயும், அதன் வேலையைத் தடுப்பதாயும் உள்ள பொருள்களையும் அவர் கூட்டத்தார் ஆக்கினர். அவற்றுள் அமினாப்டெரின் என்பதைப் பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் சிறிது காலம் தணிவதை 1948-இல் வெளியிட்டார். அதுவரை அந்நோய்க்கு நம்பிக்கை என்பதே இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த மீத்தோட்ரெக்ஸேட் இன்றளவும் பயன்பட்டு வருகிறது. அதுவும் ஒரு நொதியைத் தடுத்தே வேலை செய்கிறது. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரஸான் என்னும் மருந்து 1947-இல் வெளிவந்தது. டை எதில் கார்பமஸீன் என்ற பெயரில், நமது தமிழ்நாட்டில் அந்நோயுள்ள மாவட்டங்களில் வீடுதோறும் கொடுக்கப்பட்டது இதுவே. பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய அறிஞர் அங்கே கண்ட ஆரியோமைஸின், டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளுள் முதலாவதாக 1948-இல் வெளிவந்தது.

இவ்வாறு அடுத்தடுத்துப் பயன் விளைந்துகொண்டிருக்கையில், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, உறக்கத்திலேயே இதயம் நின்று சுப்பாராவ் காலமானார். அப்போது வயது 53. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையச் சில நாட்களே இருந்தன. எந்நாட்டுக் கதரை உடுத்தி வைத்தியம் கற்றாரோ, விடுதலையடைந்த அந்நாட்டை அவர் கண்ணாற் காணவில்லை.

நோபல் பரிசு அவர்க்குக் கிட்டவில்லை. 1953-இல் புதிதாகக் கண்ட ஒரு காளான் இனத்திற்கு ஸுப்பாரோமைஸிஸ் என்று அவர் பெயரையிட்டனர். 1995-இல் இந்திய அரசாங்கம் அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறியவர். பட்டத்திற் குறைவு பெற்றவர். உழைத்த இடத்தில் ஒதுக்கப்பட்டவர். இம்மூன்றையும் காட்டி அவர் ஓரிடத்திலும் வேலையை நிறுத்தவில்லை. பரீட்சையில் ஒருமுறை தவறியதனால் படிப்பையே விட்டு வேலைக்குச் சென்றுவிடும் சிறுவர் நம் தொழில் நகரத்தில் பலர் உளர். அவர்களுக்கு இவர் கதையைச் சொல்லவேண்டும். சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரையுடன் திரும்பும் சகோதரிக்கும் சொல்லவேண்டும். அம்மாத்திரையின் வரலாற்றில், அவளைப் போலவே ஆலையில் உழைத்த பெண்களின் துன்பமும், கதர் உடுத்த ஒரு மாணவரின் உழைப்பும் கலந்திருக்கின்றன என்பதை அவள் அறிந்திருத்தல் நன்று.